பின்னணி இசை: மூன்று விசில்

பள்ளத்தூரில் அந்த வீட்டுக்குப் பத்தரைப் புள்ளி வீடு என்று பெயர். கணவனும் மனைவியுமாக இருந்தால் ஒரு புள்ளி, ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் அரைப் புள்ளி. கோயில் வரி பிரிப்பதற்காக எப்போதோ ஏற்பட்ட முறை அது. அதை வைத்து ஒரு தமிழ்ப் படத்தின் பின்னணி இசைக்கு ஓட்டெடுப்பு நடத்தலாம் என்று கண்டுபிடித்த பெருமை, பங்காளிகளின் தலைவரான காசி அண்ணனையே சேரும்.

இசையமைப்பாளர் ஞானசம்பந்தத்துக்கு இது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. ஏழாம் பக்கத்தில் இருந்தது: ‘படம் முடிந்ததும் பங்காளிகள் வளவில் கூடிப் பார்த்து, புள்ளிவாரியாகச் சம்மதம் சொன்ன பிறகே வெளியிடப்படும்.’ வளவு என்பது வீட்டின் நடுமுற்றமும் அதைச் சுற்றிய தூண்களும். முப்பத்தொரு வருடத் தொழிலில் ஞானசம்பந்தம் எந்த ஒப்பந்தத்திலும் ஏழாம் பக்கம் வரை போனவரில்லை.

படம் பங்காளிகளே சேர்ந்து எடுத்தது. யார் யாருக்கோ ஷூட்டிங்குக்கு வீட்டை விட்டு, அவர்கள் தேக்குத் தூணில் ஆணியடித்துவிட்டுப் போவதைவிட நாமே ஒன்று எடுத்தால் என்ன என்று மெய்யம்மை ஆச்சி ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். ஆச்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. பக்கத்து வீட்டை ஹெரிட்டேஜ் ஓட்டலாக நடத்துகிறவர். சொன்ன பாவத்துக்கு ஷூட்டிங் அனுமதி முதல் கதாநாயகியின் முழங்கால் வலிக்குத் தைலம் வரை அவர் தலையில்தான் விழுந்தது. கணவர் காலமாகிவிட்டதால் அவருக்கு அரைப் புள்ளி. ஆக, படத்தைத் தூக்கிச் சுமந்தவருக்கு அரை ஓட்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்து போகிறவர்களுக்கு முழு ஓட்டு.

படத்தின் பெயர் ‘பதினோரு சாவி’. வீட்டில் பங்குக்கு ஒன்றாகப் பதினோரு அறைகள். முதல் முறை போட்டுக் காட்டியபோதே காசி அண்ணன் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, இராமு பங்குக் கதவு வாரப்ப வயலின் வருது. என் பங்குக் கதவு வாரப்ப ஒண்ணையுங் காணோமே?”

“அண்ணே, அந்தக் கதவுகிட்டதான் கதாநாயகி அழுகிறா. அதுனால வயலின்.”

“என் கதவுகிட்டயும் அழுகச் சொல்ல வேண்டியதுதானே? எங்க கதவுகிட்ட நின்னா அழுகை வராதா?”

இந்த மாதிரிக் கேள்விக்கு எந்தச் சங்கீத சாஸ்திரத்திலும் பதில் இல்லை. ஞானசம்பந்தம் சென்னைக்குப் போய்ப் பதினோரு கதவுக்கும் தலா ஒரு வீணை மீட்டல் போட்டு அனுப்பினார். அரைப் புள்ளிக் கதவுக்கும் முழு மீட்டலா என்று ஒரு பங்காளி சன்னமாகக் கேட்டதாகவும், மெய்யம்மை ஆச்சி அவரைத் திரும்பிப் பார்த்ததாகவும், அவர் உடனே தண்ணீர் குடிக்கப் போய்விட்டதாகவும் தகவல்.

வேண்டாம், முடியாது, சரியாக வராது என்ற மூன்று சொற்களையும் தொழிலில் உச்சரிக்காதவர் ஞானசம்பந்தம். கல்லலில் நாலு ஏக்கர் வைத்திருந்த உடையப்பனின் மகன். காரைக்குடி மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்து, இருபத்தைந்தாவது வயதில் சென்னைக்கு ரயிலேறினார். இதுவரை நூற்று நாற்பத்து மூன்று படங்கள். அத்தனையிலும் பாட்டு வேறு ஆள். பாட்டுப் போட்டவர் அமெரிக்கக் கச்சேரிக்குப் போய்விடுவார், படம் அடுத்த வாரம் வெளியாக வேண்டும், பின்னணி இசை பாக்கி என்றால் இவருக்குப் போன் வரும். கல்லலில் இறங்கினால் இன்றைக்கும் டீக்கடையில் கேட்பார்கள்: “எந்தப் பாட்டுய்யா நீங்க போட்டது?”

“பாட்டு இல்லாத நேரத்துல வருமே, அதெல்லாம் நான்தான்.”

“அதுல என்ன வருது?” என்பார்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார்கள். அதுதான் வலிக்கும்.

அவருடைய கணினியில் ஒரு களஞ்சியம் இருந்தது. ‘அழுகை 1’ முதல் ‘அழுகை 46’ வரை. ‘துரோகம், மெதுவாக’. ‘துரோகம், வேகமாக’. ‘அம்மா நினைவு, புல்லாங்குழல்’. ‘வில்லன் காரிலிருந்து இறங்குகிறான்’. பத்து நாளில் படம் வேண்டும் என்றால் ஒன்பதாம் நாள் கொடுத்துவிடுவார். ராசியான மனுஷன் என்று பெயர். திறமையானவர் என்று யாரும் சொன்னதில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அந்த ஒரு காட்சி வரும்வரை.

மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. பங்கு பிரிந்தபின் கதாநாயகி தன் அறையைப் பூட்டுகிறாள். வளவைக் கடக்கிறாள். வாசல் நிலைக்கு அப்பால் போய்விடுகிறாள். வசனம் இல்லை, ஒரே ஷாட். ஞானசம்பந்தம் ‘அழுகை 12’ஐ வைத்துப் பார்த்தார். கதாநாயகி பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி இருந்தாள். புல்லாங்குழலைப் போட்டதும் டூத்பேஸ்ட் விளம்பரமாகிவிட்டது. புதிதாக எதையாவது போடலாம் என்று கீபோர்டில் கை வைத்தார்.

ஒன்றும் வரவில்லை.

முதல் நாள் பித்தம் என்று நினைத்தார். ஐந்தாம் நாள் கீபோர்டை மாற்றினார். பன்னிரண்டாம் நாள் மனைவி சத்தியப்பிரியா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “இன்னும் ஒண்ணும் வரலையா?” என்று கேட்டார். மலச்சிக்கல்காரரிடம் கேட்கும் அதே குரல். பத்தொன்பதாம் நாள் ஞானசம்பந்தத்துக்கு ஒரு பயம் வந்தது. இது இந்தக் காட்சிக்கு மட்டும் வராததா? அல்லது எப்போதுமே ஒன்றும் வந்ததில்லையா, நூற்று நாற்பத்து மூன்று படங்களாக அதை யாரும் கவனிக்கவில்லையா?

அந்த நேரம் பார்த்து டைரக்டர் பாண்டீஸ்வரன் போன் செய்தான். வயது இருபத்தொன்பது, முதல் படம், தாடி மட்டும் ஏழு படம் எடுத்தவர் தாடி. “சார், அந்தச் சாவி சீனுக்கு என்ன பண்ணியிருக்கீங்க?”

ஞானசம்பந்தம் வாயைத் திறந்தார். “மௌனம்” என்று வந்தது.

“சார்… இது உலக சினிமா சார்! காலடிச் சத்தம்கூட வேண்டாம் சார், மொத்தமா எடுத்துருவோம்!”

மறுநாளே ஒரு யூடியூப் சேனலில் பாண்டீஸ்வரன் மௌனத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினான்.

இப்போது ஞானசம்பந்தத்துக்குத் தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. பங்காளிகள் அந்த மௌனத்தை ஏற்றுக்கொண்டுவிட்டால் தான் ஏதோ செய்துவிட்டதாகத் தானும் நம்பிக்கொள்ளலாம். ஏற்காவிட்டால், படத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய திங்கட்கிழமைக்குள் இசை கொடுக்க வேண்டும். கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் கிடையாது. அதைவிட, ஒன்றும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம். வளவின் திறந்த முற்றத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். காரைக்குடியிலிருந்து கல்யாணத்துக்கு மைக்செட் போடுகிறவர் வந்து, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஸ்பீக்கர் வைத்திருந்தார். பின்னால் வைத்த ஒன்று சமையல்கட்டுக்குப் போகும் நடையை ஒட்டி இருந்தது. பங்காளிகள் தம்பதி சமேதராகச் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்தார்கள். வர முடியாதவர்கள் ஓட்டை எழுத்து மூலம் காசி அண்ணனிடம் கொடுத்திருந்தார்கள், படம் பார்க்காமலேயே.

முதல் பாதி நன்றாகப் போனது. ஒவ்வொரு கதவுக்கும் வீணை ஒலித்தது. அந்தந்தக் கதவுக்காரர் அந்தந்த நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காசி அண்ணன் நோட்டில் டிக் அடித்துக்கொண்டே வந்தார்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. சத்தம் மொத்தமாக நின்றது.

“என்னப்பா, வயரு புடுங்கிக்கிருச்சா?” என்றார் காசி அண்ணன்.

மைக்செட்காரர் டார்ச்சோடு எழுந்தார். பாண்டீஸ்வரன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

“பேசாம இருங்கண்ணே, இது ஆர்ட்டு” என்றார் இராமு. சிங்கப்பூரில் இருபது வருடம் இருந்தவர். அங்கே ஒரு முறை அரங்கில் போய் நாடகம் பார்த்ததால் வீட்டின் கலை விவகாரங்களில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஞானசம்பந்தம் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலிகளைப் பார்த்தார். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ கொட்டாவி விட்டார்கள். காசி அண்ணனின் பேனா மூடி திறக்கும் ஓசை கேட்டது. எழுதப் போகிறார். முடிந்தது கதை என்று ஞானசம்பந்தம் நினைத்தார். அப்போது தார்ப்பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு புறா படபடவென்று அடித்துக்கொண்டு அடங்கியது.

திரையில் அவள் சாவியைத் திருப்பினாள். எங்கிருந்தோ, பின்பக்கத்திலிருந்து, ஒரு குக்கர் விசில் அடித்தது.

அவள் நடந்தாள். வளவின் நடுவில், ஏனென்று தெரியாமல், நின்றாள். இரண்டாவது விசில் வந்தது. கொஞ்சம் நீளமாக.

பிறகு ஒன்றும் இல்லை. வெகுநேரம் ஒன்றும் இல்லை. அவள் வாசல் நிலையை அடைந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைக்கும்போது திரும்பாமல் வெளியே காலை வைத்தாள். மூன்றாவது விசில், பாதியில் மூச்சு விட்ட மாதிரி, புஸ்ஸென்று இறங்கியது.

ஞானசம்பந்தத்துக்குத் தான்தான் போட்டோமோ என்று ஒரு கணம் சத்தியமாகவே சந்தேகம் வந்தது. மடியில் இருந்த மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். அந்த மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடிக்கு நேராக வரிசை வரிசையாக வெறும் கட்டங்கள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். காசி அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்தபின் கண்ணையும் துடைத்தார்.

“எங்க ஆத்தா போன அன்னைக்கி” என்றார். குரலில் தலைவர் இல்லை. “எடுத்துக்கிட்டுப் போறாக. அடுப்புல யாரோ எதையோ வச்சது அது பாட்டுக்கு வெந்துக்கிட்டிருக்கு. அமத்தணும்னு ஒருத்தருக்குந் தோணல. அந்தச் சத்தம் இன்னுங் காதுல இருக்கு தம்பி. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீக?”

ஞானசம்பந்தம் எழுந்தார். “அண்ணே, அது வந்து… நான்…”

“பேசாதீக! போட்டவுக வாயால சொல்லக் கூடாது. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்ல.” தலைவர் திரும்பி வந்துவிட்டார்.

“மூணு விசிலும் மூணு சுதியில இருந்துச்சு, கவனிச்சீகளா?” என்றார் இராமு. “மொதல்ல மேல, அப்புறம் அதுக்கும் மேல, கடைசியில கீழ. இங்கதான் மேல்நாட்டுக்காரன் கோட்டை விட்டுருவான்.”

பாண்டீஸ்வரன் ஞானசம்பந்தத்தைப் பார்த்தான். முகத்தில் ஆச்சரியம், லேசான துரோக உணர்ச்சி, அதன்மேல் கிடுகிடுவென்று ஏறிய கம்பீரம். “நானும் சாரும் இதை ரொம்ப நாளா டிஸ்கஸ் பண்ணிட்டிருந்தோம்” என்றான். “மௌனத்துக்கு உள்ள ஒரு சத்தம் வேணும்னு.”

“சொல்லி வச்ச மாதிரி வந்துச்சே!” என்றார் ஒரு ஆச்சி. “எங்க வீட்டுக் குக்கர் மாதிரியே இருந்துச்சு” என்றார் இன்னொருவர். அதுதான் கலை என்று இராமு அவருக்கு விளக்கினார்.

ஓட்டெடுப்பு நடந்தது. கை தூக்கியது ஆறு, எழுத்து மூலம் நாலு. பத்துப் புள்ளி ஆதரவு.

“மெய்யம்மை, ஒன் அரை?” என்றார் காசி அண்ணன்.

மெய்யம்மை ஆச்சி தூணில் சாய்ந்து நின்றிருந்தார். “என் அரை என்கிட்டயே இருக்கட்டும்ண்ணே. பத்துதான் வந்துருச்சே.”

காசி அண்ணன் நோட்டில் எழுதியதை எழுந்து நின்று உரக்கப் படித்தார்: “மேற்படி காட்சிக்கு மூன்று விசில் கொண்ட பின்னணி இசை ஏற்கப்பட்டது. விசில் கூட்டவோ குறைக்கவோ கூடாது. குறைந்தால் சம்மதம் செல்லாது.” எல்லோரும் கை தட்டினார்கள். தார்ப்பாய்க்கு அடியிலிருந்த புறா மறுபடி படபடத்தது. அதற்கும் இரண்டு பேர் தட்டினார்கள்.

முப்பத்தொரு வருடத்தில் ஞானசம்பந்தத்துக்குக் கிடைத்த முதல் கைதட்டல். இதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா, எழுந்து பஸ் பிடித்துக் கல்லலுக்குப் போய் நாலு ஏக்கரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்று அவருக்கு விளங்கவில்லை. கும்பிட்டுக்கொண்டே நடையில் ஒதுங்கினார். மெய்யம்மை ஆச்சி அங்கே வந்து சேர்ந்தார்.

“பருப்புக்கு மூணு விசில்தான்” என்றார் ஆச்சி, குரலைத் தாழ்த்தி. “ஒண்ணரைக்கு எல போடணும்னு நாந்தான் சின்னத்தாயிகிட்டச் சொல்லி வச்சிருந்தேன்.”

ஞானசம்பந்தம் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க ஒண்ணுமே போடலைல்ல?”

“இல்ல ஆச்சி.”

“வேணும்னு போடலையா, வரலையா?”

முப்பத்தொரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. பொய் சொல்வதற்கு நல்ல இடம். சொல்லியிருந்தால் ஆச்சி நம்பியும் இருப்பார்.

“வரல. அப்புறம், வேணாம்னு சொன்னேன். இப்பப் பாத்தா, வேணாம்னுதான் வரலையோன்னும் தோணுது. தெரியல ஆச்சி. விசில் வந்தப்ப அதுதான் சரின்னு தோணுச்சு. அது நல்லா இருந்துச்சா, இல்ல எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சா?”

“காசியண்ணன் அழுது நான் பாத்ததே இல்ல” என்றார் ஆச்சி. “அது விசிலுக்கா, அந்தப் பொண்ணு நடந்ததுக்கா, எனக்கும் வெளங்கல. திங்கக்கிழமை படத்துல அந்த விசிலு இருக்கணும், அவ்வளவுதான். ரெக்கார்டு பண்ற மிஷினு வச்சிருக்கீகளா?”

“இருக்கு.”

“அப்ப இங்குட்டு வாங்க.”

சமையல்கட்டில் சின்னத்தாயி சாம்பாரை இறக்கிவிட்டு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது. சினிமாக்காரர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த கண்.

“சின்னத்தாயி, இவுகளுக்குக் குக்கர் விசில் வேணுமாம். மூணு.”

“பருப்பு வெந்துருச்சே ஆச்சி.”

“மறுபடியும் வையி.”

“வெந்ததை எதுக்கு மறுபடி வைக்கிறது?” சின்னத்தாயிக்கு ஆச்சியின் மேல் இருந்த மரியாதைக்கும் பருப்பின் மேல் இருந்த மரியாதைக்கும் நடுவே சிறிது போராட்டம். கடைசியில் குக்கரைக் கழுவி, வெறும் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தார். முன்கட்டில் இலை போடச் சொல்லிக் குரல் வரவும், மூன்று விசிலும் இன்னொரு தரம் பதிவாகிறது என்று அங்கே சொல்லிக்கொண்டே ஆச்சி போய்விட்டார்.

ஞானசம்பந்தம் ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு நின்றார். விசில் அடித்தது. கூர்மையாக, முன்கட்டுக்குக் கேட்காத அளவுக்குப் பொடிசாக.

“இது இல்ல” என்றார்.

“விசிலுதானே தம்பி கேட்டீக?”

“இது ஒல்லியா இருக்குக்கா. அது கனமா இருந்துச்சு. உள்ள ஏதோ இருக்கிற சத்தம். பருப்புப் போடுங்க.”

சின்னத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பருப்பைக் களைந்து போட்டார். “எத்தனை படிக்கு வைக்கணும், அதையுஞ் சொல்லிருங்க.”

“முன்னாடி வச்ச அளவு.”

காத்திருந்தார்கள். முதல் விசில் வந்தது. ஞானசம்பந்தம் தலையை ஆட்டினார். சரியாக இருந்தது. கனமாக, தொண்டையில் ஏதோ வைத்துக்கொண்டு கூப்பிட்டதுபோல. மனதுக்குள் அவள் நடக்கத் தொடங்கினாள். ஆறாவது அடி, ஏழாவது அடி. இப்போது வந்தால் சீக்கிரம்.

“அக்கா, கொறைங்க. அடுப்பைக் கொறைங்க.”

“கொறைச்சா லேட்டாகும்.”

“லேட்டாகணும்.”

சின்னத்தாயி குறைத்தார். இரண்டாவது விசில் இழுத்துக்கொண்டு, முன்பு கேட்டதைவிட இன்னும் நீளமாக வந்தது. ஞானசம்பந்தத்தின் இடது கை தானாக மேலே எழுந்தது. இருபது வயலின்காரர்களை நிறுத்தி வைக்க ஒரு காலத்தில் தூக்கிய கை. இரு, இன்னும் இல்லை, நான் சொல்கிறபோது.

சின்னத்தாயிக்கு அந்த வித்தை தெரியாது. போதும் என்கிறார் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டார்.

குக்கர் அடங்கியது. மூடியின் ஓரத்தில் நீர் கொதித்து, கொதித்து, நின்றது. முன்கட்டில் இலைகளின் சலசலப்பு. ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஞானசம்பந்தம் தூக்கிய கையை இறக்கவில்லை. அவள் வளவின் நடுவில் நிற்கிறாள். மூன்றாவது வர வேண்டும். வரவில்லை. வராதது ஒருபக்கம் இழுக்க, அதன் அடியில் ஏதோ ஒன்று, மிக மெல்லியதாக, இரண்டே சுரம், மேலிருந்து கீழே இறங்கியது. குக்கரிலிருந்து அல்ல. ‘அழுகை’ நாற்பத்தாறிலும் அது இல்லை. அவர் வாய்க்குள் ஒருமுறை முனகிப் பார்த்தார். மறுபடி முனகினார். இது தன்னுடையதா, சற்று முன் விசிலில் கேட்டதா, மெல்லிசைக் குழு நாட்களில் எங்கேயோ கேட்டதா என்று பிடிபடவில்லை. பிடிபடுவதற்குள் போய்விடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டார்.

“மேலுக்கு முடியலையா தம்பி?” என்றார் சின்னத்தாயி.

முன்கட்டிலிருந்து காசி அண்ணனின் குரல் வீட்டின் நான்கு கட்டுகளையும் தாண்டி வந்தது. “ரெண்டுதான் கேட்டுச்சு! மூணாவது எங்க?”

ஞானசம்பந்தம் குக்கரைப் பார்த்தார். பத்துப் புள்ளி கையெழுத்துப் போட்ட மூன்றாவது விசில் அதற்குள் இருந்தது. நெருப்பைப் பற்ற வைத்தால் போதும். அது வந்துவிட்டால் இந்த இரண்டு சுரமும் கேட்காது.

“பத்த வைக்கவா?” என்றார் சின்னத்தாயி, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு.

“வருதுண்ணே!” என்று முன்கட்டுக்குக் குரல் கொடுத்தார் ஞானசம்பந்தம். தூக்கிய கை அப்படியே நின்றது. தீக்குச்சி உரசாமல், சின்னத்தாயி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.